தம்பி குடித்த இருமல் மருந்து

என் தம்பி போதைக்காக இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தான் என்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அவனுக்கு 16 வயது. அம்மா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா குவைத்தில் ஓட்டுநர் வேலையில் இருக்கிறார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள வீட்டில் ஆயா (எங்கள் பாட்டி), நான், தம்பி ஆகிய மூவர்தான். நான் புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பேருந்து ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டு மணிக்கு மேலாகிவிடும். யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று தெரியாமல் நான் தனியாக அலைந்த அந்த மாதங்களில் பணமும் விடுப்பும் தூக்கமும் கரைந்தன. முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவற்றில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். மருந்தின் வணிகப் பெயரை எங்கும் குறிப்பிடப் போவதில்லை. இதைப் பெரியவர்கள் மட்டுமே படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. தவிர, பெயரைவிட அதன் உட்கூறுகள்தான் முக்கியம் என்பதை நானே பின்னால்தான் கற்றுக்கொண்டேன்.

புதுச்சேரியை ஒட்டிய ஊர்களில் ஒரு பையன் தள்ளாடி நடந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சாராயம்தான். எங்கள் சித்தப்பா ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தபோது, இவன் பேச்சு குழறுவதைப் பார்த்துவிட்டு, அருகில் அழைத்து வாயை ஊதச் சொன்னார். வந்தது மெந்தால் வாசனை மட்டுமே. ஆயா உடனே, பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லித் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தார். பீடி நாற்றம் இல்லை, சாராய வாடை இல்லை, சட்டைப் பையில் பொட்டலம் இல்லை. அதனால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு டியூஷன் முடிந்து தாமதமாக வருகிறான், படிப்புச் சுமை அதிகம், அம்மா இல்லாத பையன் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. கேட்கும் பணமும் பெரிய தொகை அல்ல. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, நண்பனின் பிறந்தநாள் என்று ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கேட்பான். ஒரு பாட்டிலின் விலையே நூறு ரூபாயைச் சுற்றித்தான் என்பதால், வீட்டிலிருந்து நகையோ பெருந்தொகையோ காணாமல் போகும் என்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பிடிபடாது.

இப்போது யோசித்துப் பார்த்தால் உடம்பில் தெரிந்த அடையாளங்கள் தெளிவானவை. குழல் விளக்கின் நேர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணின் கருமணி சுருங்காமல் அகலமாகவே இருக்கும். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் விழி ஓரிடத்தில் நிற்காமல் துடிக்கும். கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்தே பதில் வரும். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் வியர்க்கும், வாய் உலர்ந்துபோய்த் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பான், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஒருமுறை கூச்சத்தோடு சொன்னான். நடை மட்டும் விசித்திரமாக இருந்தது. தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாதவனைப்போல் காலை அளவுக்கு மேல் தூக்கி வைப்பான். மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடும், பள்ளிக்கும் போவான். விட்டுவிட்டு வந்து போகும் இந்தத் தன்மைதான் வீட்டில் இருப்பவர்களை மிகவும் ஏமாற்றுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு கொதித்தது. நாடி என் விரலுக்குக் கீழே படபடவென்று ஓடியது. "அக்கா, செவுரு ஏன் தள்ளித் தள்ளிப் போவுது?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, என்னையே யாரோ ஒருத்தியைப்போலப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு நான் அடைந்த பயத்தை எழுத்தில் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஆயா, காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பிறகு வாந்தி எடுக்கவைப்பதற்காக உப்புத் தண்ணீரும் மோரும் கலக்கப் போனார். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து அதைத் தடுத்தது எங்கள் நல்ல காலம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு எதையாவது புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும் என்று மருத்துவமனையில் பின்னர் சொன்னார்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது ஆகிய எதுவும் வேண்டாம். ஆள் மயக்கத்தில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு சீராக வருகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அண்ணன் அழைத்த ஆட்டோவில் அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" என்பது. மதியச் சாப்பாட்டைத்தான் நாங்கள் சொன்னோம். தம்பி எதுவும் சொல்லும் நிலையில் இல்லை. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், வலிப்பு நோயாக இருக்கலாம் என்று தலைக்கு ஸ்கேன், விதவிதமான ரத்தப் பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒவ்வொன்றாகத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் முன்பணம் கேட்டார்கள். வீட்டில் இருந்தது போதவில்லை. காலையில் என் தோட்டையும் அம்மாவின் சங்கிலியையும் அடகு வைத்தேன். வெளியே வரும்போது 40,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. மருத்துவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. காரணம் தெரியாத ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு எப்படித் தேட முடியும்? பாட்டில் ஒன்று மட்டும் எங்கள் கையில் இருந்திருந்தால் அந்த ஸ்கேனில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது. ஆகவே, பிள்ளை திடீரென்று நிலைமாறிக் கிடந்தால், மருத்துவமனைக்கு ஓடும் முன் ஒருவராவது அவன் பையையும் படுக்கைக்கு அடியையும் குப்பைத் தொட்டியையும் துழாவி, கிடைக்கும் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ, காலியாக இருந்தாலும், எடுத்துக்கொண்டு வரட்டும்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. சந்தேகத்தின் பேரில் சிறுநீரில் போதைப்பொருள் சோதனை செய்தார்கள். பல பொருள்களை ஒரே அட்டையில் கண்டுபிடிக்கும் சோதனை அது. எல்லாக் கோடுகளும் சரியாக விழுந்தன. எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு உயிர் திரும்பியதுபோல் இருந்தது. அப்பாவிடம் வாட்ஸ்அப்பில் பேசி, கஞ்சாவோ வேறெதுவோ கிடையாது என்று அழுதுகொண்டே சொன்னேன். அந்த அட்டையால் கண்டுபிடிக்கக்கூடியவை கஞ்சா, அபின் வகை, தூக்க மாத்திரை வகை போன்ற குறிப்பிட்ட சிலவற்றை மட்டும்தான். தம்பி குடித்த மருந்தின் முக்கிய உட்கூறு வழக்கமான அந்த அட்டைகளில் அகப்படாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சோதனை அட்டையை வாங்கி வந்து வீட்டில் பார்த்துவிட்டு நிம்மதியடையும் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்த முடிவுக்கு அட்டையில் உள்ள பொருள்கள் அகப்படவில்லை என்பது மட்டும்தான் அர்த்தம்.

வீடு திரும்பிய பிறகு, தண்ணீர் வரவில்லை என்று மொட்டை மாடிக்கு ஏறியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் உள்ள சந்தில், பழைய சிமெண்ட் சாக்கு ஒன்றுக்குக் கீழே, பழுப்பு நிற பாட்டில்கள் கிடந்தன. அடியில் ஒட்டியிருந்த சிவப்புத் துளியில் எறும்பு மொய்த்திருந்தது. என்னை உறையவைத்தவை பாட்டில்களைக் காட்டிலும் அவற்றோடு கிடந்த அளவு மூடிகள்தாம். மருந்தை அளந்து குடிப்பதற்காக மேலே கவிழ்த்து வருமே, கோடு போட்ட பிளாஸ்டிக் கிண்ணி, அவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில்கூட மருந்துக் கறை இல்லை. எல்லாம் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாமல் கிடந்தன. அளந்து குடிக்கவே இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பையனின் அறையைச் சோதிக்க நினைப்பவர்கள் பாட்டிலை மட்டும் தேடாதீர்கள். பாட்டிலை வெளியே வீசிவிடுவது எளிது. மூடி, வளையமாகக் கழன்ற முத்திரை, அட்டைப்பெட்டி, பையின் அடியில் பிசுபிசுப்பு ஆகியவை எங்காவது மிஞ்சும்.

அந்த பாட்டில்களில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மருத்துவர் முகப்புப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை; நேராகப் பின்புறத்தைத் திருப்பி, 'ஒவ்வொரு 5 மி.லி.யிலும்' என்று தொடங்கும் பொடி எழுத்தை வாசித்தார். டெக்ஸ்ட்ரோமெத்தார்பான், குளோர்பெனிரமின். முதலாவது வறட்டு இருமலை அடக்குவதற்கு மூளையில் வேலை செய்யும் மருந்து. சரியான அளவில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லாதது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 120 மி.கி. என்பதுதான் உச்ச வரம்பு. அளவு மீறினால் அது கெட்டமைன் என்னும் மயக்க மருந்தைப்போல நடந்துகொண்டு, உடம்பும் மனமும் தனித்தனியே பிரிந்துபோன உணர்வையும் இல்லாத காட்சிகளையும் உண்டாக்கும். இரண்டாவது ஒவ்வாமைக்கான மருந்து. வாய் உலர்வதும் சிறுநீர் அடைபடுவதும் உடம்பு சூடாவதும் அதன் கைவேலை. சிலரது கல்லீரல் டெக்ஸ்ட்ரோமெத்தார்பானை மிக மெதுவாகவே சிதைக்கும் என்றும், ஒரே அளவைக் குடித்த இரண்டு பையன்களில் ஒருவன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போக, மற்றவன் நினைவிழந்து விழலாம் என்றும் அவர் சொன்னார். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளை இதைக் குடித்தால் ஆபத்து பன்மடங்கு. இரண்டும் சேர்ந்து காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு என்று உயிருக்கே உலை வைக்கலாம்.

பிறகு அவர் கேட்ட கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை. "வேறு கம்பெனி சிரப்பு, சளி மாத்திரை ஏதாவது சேர்த்து எடுத்தியாப்பா? ஒளிக்காமல் சொல்லு" என்று தம்பியிடம் கேட்டார். சளி, காய்ச்சலுக்கென்று விற்கப்படும் பல கூட்டு மருந்துகளில் பாராசிட்டமாலும் இருக்கும். போதைக்காக அவற்றை அளவில்லாமல் விழுங்கும் பிள்ளைக்கு முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கல்லீரல் பழுதாவது சில நாள் கழித்துத்தான் மஞ்சளாகக் கண்ணில் தெரியும். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். தம்பிக்கு எடுத்த கல்லீரல் பரிசோதனை நல்லவிதமாக வந்தது. போதை தெளிந்துவிட்டது, பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்பதற்காக மருத்துவரைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இருமல் மருந்தில் இன்னொரு கூட்டமும் உண்டு, கோடீன் கலந்தது. இது அபின் வழி வந்தது, உடம்புக்குள் போய் மார்பினாக மாறுவது. இதைக் குடித்தவரின் கண்ணின் கருமணி அகலாது, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். தூக்கம், அரிப்பு, மலச்சிக்கல் வரும். அளவு மீறினால் மூச்சே மெல்ல நின்றுபோகும். தொடர்ந்து குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு என்று விஷக் காய்ச்சல்போல இருக்கும். அதை வீட்டிலேயே அடைத்து வைத்து நிறுத்திவிட முயலாமல் மருத்துவரிடம் போக வேண்டும். கோடீன் மருந்துகள் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டில் உள்ளன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு எழுதியவர், வாங்கியவர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும். 2023 ஜூனில் மத்திய அரசு தடை அறிவித்த 14 கூட்டு மருந்துகளில் குளோர்பெனிரமினும் கோடீனும் சேர்ந்த சிரப்பும் ஒன்று. அமெரிக்காவில் 2018 முதல் கோடீன் கலந்த இருமல் மருந்து 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உரியதல்ல என்று லேபிளிலேயே மாற்றிவிட்டார்கள். கோடீனைச் சுற்றி இவ்வளவு கெடுபிடி வந்த பிறகு, பிள்ளைகளின் கை அதிகம் கேள்வி கேட்கப்படாத மற்ற சிரப்பின் பக்கம் நகர்ந்ததில் வியப்பில்லை.

கேள்வி கேட்கப்படாதது என்று சொல்வது சட்டத்தை வைத்து அல்ல, நடைமுறையை வைத்து. எங்கள் கையில் இருந்த பாட்டிலின் ஓரத்திலேயே, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது. ஆனாலும் நான் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில் சீட்டு இல்லாமல் கிடையாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இன்னொன்றில், "யாருக்கும்மா, பெரியவங்களுக்கா?" என்பதோடு விசாரணை முடிந்தது. தம்பி, ஆயாவுக்கு என்று சொல்லியே வாங்கியிருக்கிறான். ஒரு கடையில் முகம் பழகிவிட்டால் அடுத்த கடை, இங்கே மறுத்தால் பேருந்து ஏறி முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம். மாநில எல்லை இவ்வளவு அருகில் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் வேறு வேறு. கடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து மருந்து ஆய்வாளரிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். புகாரோடு பில் வேண்டும். பில்லில் மருந்தின் தொகுப்பு எண் இருக்க வேண்டும். நான் கொடுத்த முதல் புகார் பில் இல்லாததால் வலுவிழந்துபோனது. பள்ளிச் சீருடையில் வரும் பையனுக்குப் பில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் சீட்டையும் கேட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

பணம் போன இரண்டாவது இடத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அரசு மருத்துவமனைக்கு வாரா வாரம் அலைவதைப் பார்த்த உறவினர் ஒருவர், மூன்று மாதம் உள்ளே வைத்தால் அடியோடு மறந்துவிடுவான் என்று சொல்லி ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தைக் காட்டினார். 25,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். முதல் மாதம் குடும்பத்தார் பார்க்கக் கூடாது, தொலைபேசியும் கிடையாது என்றார்கள். தம்பி அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தி, ஒரு வாரம் முடிவதற்குள் உள்ளே போய்ப் பார்த்தபோது, நீண்ட கூடம் ஒன்றில் குடிநோயாளிகளான நடுவயது ஆண்களோடு இவனும் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தான். மருத்துவர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு யாரிடமும் நேரான பதில் இல்லை. அன்றே அழைத்துவந்துவிட்டேன், முன்பணம் திரும்பவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, போதைப் பயன்பாட்டால் வரும் மனநலச் சிக்கல்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன; 18 வயது நிறையாதவரைச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும்; பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளோ சேர்ந்த நாள் முதல் வெளிவரும் நாள் வரை உடன் தங்க வேண்டும். இத்தகைய நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்று எங்கே, மனநல மருத்துவர் யார், நான் இரவில் எங்கே படுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் வாசலிலேயே பதில் கிடைக்காத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பிறகு அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினோம். என் அலுவலகம் புதுச்சேரியிலேயே இருந்ததால், காலையில் அவனோடு வரிசையில் நின்றுவிட்டு மதியம் வேலைக்குப் போக முடிந்தது. சம்பளப் பிடித்தம் இருந்தாலும் வேலை போகவில்லை. டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் பழக்கத்துக்கென்று தனியாக ஒரு மாத்திரை இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். தூக்கத்துக்குச் சிறிது காலம் மருந்து, மற்றபடி பேச்சுதான் சிகிச்சை. மருத்துவரும் உளவியல் ஆலோசகரும் அவனோடு தனியாகப் பேசினார்கள். என்னை வெளியே உட்காரவைத்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. அவன் அங்கே சொன்னதில் எனக்குச் சொல்ல ஒப்புக்கொண்டது கொஞ்சம்தான். உண்மையான இருமலின்போது ஒருநாள் கூடுதலாகக் குடித்து, அதில் தலை இலேசானதும், டியூஷன் நண்பன் ஒருவன் கைப்பேசியில் காட்டிய காணொளியும் சேர்ந்து தொடங்கியிருக்கிறது. அதைவிடப் பெரிது, அம்மா இறந்த பிறகு இரவில் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்பதை அவன் எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம், பரிதாபம், ஒரு பக்கம் கசப்பும்கூட வந்தது. தூக்கம் வராதவள் நானும்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பு யாருக்கும் உதவாது.

பள்ளியில் சொல்லலாமா கூடாதா என்று பல இரவுகள் யோசித்தேன். மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தியவர்களே அதிகம். ஆலோசகரின் யோசனைப்படி வகுப்பாசிரியை ஒருவரிடம் மட்டும், சிகிச்சையில் இருக்கிறான் என்பதையும் மதியத்துக்குப் பிறகு சோர்ந்திருந்தால் எனக்கு அழைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். டியூஷன் நண்பர்களின் வீடுகளுக்குப் போனதுதான் கசப்பான அனுபவம். ஒரு வீட்டில் காப்பி கொடுத்து, கேட்டுவிட்டு, நன்றி சொன்னார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மாள், "எங்க புள்ள மருந்துகூட அளந்துதான் குடிப்பான், உங்க வீட்டுக் கதையை எங்ககிட்ட கொண்டாராதீங்க" என்று வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். இப்போது அதை நினைத்தால் கோபம் வருவதில்லை. மருந்துக்கடையில் வாங்கியது, மருந்து லேபிள் ஒட்டியது, விலைப்பட்டியல் உள்ளது. அதைக் கெட்ட பழக்கம் என்று ஒரு தாயால் எளிதில் ஏற்க முடியாது. காவல் நிலையம், வழக்கு என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள பொருள் அல்ல. பட்டியலில் உள்ளவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கும், தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற மையத்தில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்குகளில் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்க அதே சட்டத்தில் 64-ஏ பிரிவு இருக்கிறது. பயந்து ஒளிப்பதால் பிள்ளைக்கு நேரும் கெடுதிதான் அதிகம்.

நான் பின்னால் தெரிந்துகொண்ட எண்களையும் சொல்லிவிடுகிறேன். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, எல்லாம் கட்டணமில்லாதவை. 14416-இல் தமிழிலேயே பேசலாம். நள்ளிரவில் பையன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்ட ஒரு நாளில் அந்த எண்ணை அழைத்துத்தான் என்ன பேசுவது, எதைப் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கதவை உடைக்க வேண்டாம், கத்த வேண்டாம், உள்ளே அவன் குரல் கேட்கிறதா என்பதை மட்டும் சிறிது சிறிது நேரத்துக்கு ஒருமுறை உறுதி செய்யுங்கள், பதில் நின்றால் உடனே 108 என்று சொன்னார்கள். வீட்டில் இப்போது ஆயாவின் மருந்துகள் என் அலமாரியில் பூட்டில் இருக்கின்றன. அளவு மூடியில் நானே ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். சாதாரணச் சளி இருமலுக்கு வீட்டில் சிரப்பு வாங்குவதை நிறுத்திவிட்டோம். பெரும்பாலான சளி இருமல் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும் என்றும், வெந்நீரும் தேனும் போதும் என்றும் மருத்துவர் சொன்னபோது ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஆதியிலிருந்து சொல்லிவந்தது அதுதான்.

தம்பி முழுக்க மீண்டுவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தான். இந்தத் தடவை மறுநாள் காலையில் அவனாகவே வந்து சொன்னான். நான் அன்றைக்குத் திட்டவில்லை, திட்டாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுபடி விழுவதும் சிகிச்சையில் நடப்பதுதான், சொல்லாமல் மறைத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். டியூஷனை மாற்றினோம், கைச்செலவுப் பணத்தை நிறுத்தாமல், வாரத்துக்கு இவ்வளவு என்று கணக்கோடு கொடுக்கிறோம். அப்பா விடுப்பில் வந்து போனார். இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அடகு வைத்த சங்கிலியை மீட்டாகிவிட்டது, தோடு இன்னும் கடையில் இருக்கிறது. அடுத்த முறை ஜிப்மருக்குத் தான் மட்டும் போய்க்கொள்வதாகச் சொல்கிறான். பேருந்தில் கூட வருவேன், ஆனால் மருத்துவர் அறைக்கு வெளியே வரைதான் என்று இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம்.